கறுப்புக் கோட்டு இல்லாத சட்டப் படிப்பு

பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரின் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தனியார் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறாள். "அங்கிள், நீங்க வேலையில இருந்துகிட்டே சட்டம் படிச்சீங்கன்னு அப்பா சொன்னார். எல்.எல்.பி. இல்லாமலே ஒரு வருஷத்துல எல்.எல்.எம். வாங்கலாம்னு ஒரு விளம்பரம் வந்திருக்கு. சேரட்டுமா?" என்றாள். "சேராதே" என்றேன். முகம் வாடிவிட்டது. மைக்கில் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிட்டார்கள். விளக்கம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை, அவளைப் போல யோசிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எல்.எல்.எம். என்பது சட்டப் பட்டதாரிகளுக்கு உரிய பட்டம். பார் கவுன்சில் 2021 ஜனவரியில் வெளியிட்ட விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. எல்.எல்.பி. படிக்காத பட்டதாரிகளுக்கு வணிகச் சட்டம், மனித உரிமை போன்றவற்றில் முதுகலைப் படிப்பு நடத்தினால், அதற்கு எல்.எல்.எம். என்று பெயர் சூட்டக் கூடாது. ஆகவே விளம்பரம் பெயரிலேயே பொய் சொல்கிறது. பெயரில் பொய் சொல்பவன் பாடத்தில் மட்டும் உண்மை சொல்வான் என்று நான் நம்பவில்லை.

ஒழுங்கான படிப்புகளும் இருக்கின்றன. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியின் 'மாஸ்டர் ஆஃப் பிசினஸ் லாஸ்' அவற்றுள் ஒன்று. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு. நான் 2004-இல் அதில்தான் சேர்ந்தேன். நான் வெறும் டிப்ளமோக்காரன். அதற்கு முன்பே இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்து வைத்திருந்ததால் கதவு திறந்தது. இதைப் படித்தவர் கறுப்புக் கோட்டு அணிந்து வாதாட முடியாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் அதற்கு எல்.எல்.பி. கேட்கிறது. அந்த எல்.எல்.பி.யையும் தபாலில் படித்தால் பார் கவுன்சில் ஏற்காது.

"கோட்டும் கிடையாது, சம்பளமும் கூடாது, பிரமோஷனும் இல்லை, பின்னே எதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். ஆண்டுக்கு மூன்று செட் பாஸில் ஒன்று பெங்களூருக்கே போய்விடும் என்ற வருத்தம் அவளுக்கு. ஊர்ப் பயணம் குறைந்தது உண்மைதான். அன்று அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. காரணம் 1999-இல் நடந்த ஒரு விஷயம்.

அப்போது மத்திய இந்தியாவில் ஒரு டிவிஷனில் இருந்தேன். ஓடும் லைனுக்கு அடியில் கான்கிரீட் பெட்டியைத் தள்ளி வழி அமைக்கும் வேலை. ரயில்களை நிறுத்தி பிளாக் கொடுத்தால்தான் அங்கே கையே வைக்க முடியும். பண்டிகைக் கால ஸ்பெஷல் ரயில்கள் என்று சொல்லி ஏறத்தாழ இரண்டு மாதம் பிளாக் கிடைக்கவில்லை. காண்டிராக்டர் ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர், சின்ன முதலாளி. ஜாக்கிகளை வாடகைக்கு எடுத்து, ஆட்களையும் வைத்துச் சோறு போட்டுக்கொண்டு காத்திருந்தார். கால நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு மாதிரிக் கடிதங்கள் உண்டு: அபராதத்தோடு ஒன்று, அபராதம் இல்லாமல் ஒன்று. எப்போதும் முதலாவதைப் போடுவதுதான் வழக்கம். ஆடிட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா! நானும் அதையே தயாரித்து மேலே அனுப்பினேன், கையெழுத்தாகி வந்தது. அவருடைய பில்லில் பணம் பிடித்தார்கள்.

அவர் நடுவரிடம் போனார். அன்றைய முறைப்படி நடுவரும் ரயில்வே அதிகாரியே. என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். "பிளாக் கொடுக்காதது யார்?" என்று அவருடைய வக்கீல் கேட்டார். "நடைமுறைப்படி கடிதம் போட்டோம்" என்றேன். மீண்டும் கேட்டார், மீண்டும் அதையே சொன்னேன். கேட்டதில் சிறு பகுதிதான் அவருக்குக் கிடைத்தது. பிறகு எங்கள் பக்கம் அவர் டெண்டர் போடவே இல்லை.

ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, பெங்களூர் வகுப்புக்குப் போகும் வண்டியில், மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் படித்தேன். 67-ஆம் பிரிவு வந்தது. வேலையைச் செய்ய வேண்டியவனுக்கு நியாயமான வசதியை மற்றவன் செய்து தராவிட்டால், அதனால் ஏற்படும் தவறுக்கு வேலைக்காரன் பொறுப்பில்லை. சட்டத்திலேயே உதாரணமும் இருக்கிறது: வீட்டைப் பழுது பார்க்க ஒருவன் ஒப்புக்கொள்கிறான், வீட்டுக்காரன் பழுதான இடங்களைக் காட்ட மறுக்கிறான். நான்தான் அந்த வீட்டுக்காரன். நூறு ஆண்டுக்கு மேலாக அச்சில் இருக்கும் நாலு வரி தெரியாமல் ஒரு மனிதரின் பணத்தைப் பிடிக்கக் கடிதம் தயாரித்திருக்கிறேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு என் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு வேலையிலும் பிளாக் கேட்ட தேதி, கிடைத்த தேதி, நேரம் எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினேன். "நீ காண்டிராக்டர் கட்சியா?" என்று ஒரு மேலதிகாரி கேட்டதுண்டு. அதே நோட்டு, இன்னொரு வழக்கில் காண்டிராக்டர் சொன்ன பொய்யை உடைத்து ரயில்வேயின் பணத்தைக் காப்பாற்றியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நடுவர் விஷயமும் மாறிவிட்டது. 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒரு தரப்பின் ஊழியரே நடுவராக உட்கார முடியாது. ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பு சம்பந்தப்பட்ட வழக்கில், ஒரு தரப்பு தயாரித்த பட்டியலிலிருந்தே மற்றவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது செல்லாது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது. பத்திரிகையில் அதைப் படித்தபோது ஸ்ரீகாகுளத்துக்காரரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெயருக்குப் பின்னால் எழுத்து சேர்க்கத்தான் என்றால் அந்தப் பணத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். ரிட்டயரான பின் பொழுதுபோக்காகப் படிப்பதிலும் எனக்குப் பெரிய நாட்டமில்லை. கையில் ஃபைல் இருக்கும்போது படித்தால்தான் பிரிவுகள் உயிரோடு எழுந்து வந்து கேள்வி கேட்கும். டெண்டர் எழுதுபவர், பில் சரிபார்ப்பவர், ஆட்களை வேலைக்கு எடுப்பவர், நிறுத்துபவர் ஆகியோர் பணியில் இருக்கும்போதே படிக்கட்டும். மூன்று நாள் பயிற்சி முகாம் போதாதா என்பார்கள். நானும் போயிருக்கிறேன். நான் போனவற்றில் ஆடிட்டிலிருந்து தப்பிப்பது எப்படி என்பதை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு மறுநாள் போன் செய்து, சேர்வதற்கு முன் அவள் கம்பெனி சப்ளையர்களுக்குக் கொடுக்கும் ஆர்டர் படிவத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வந்தாள். பொடி எழுத்தில் பன்னிரண்டு பக்கம். இத்தனை நாளும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லையாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்காவது நிபந்தனை வரைதான் வந்திருக்கிறோம். அபராதம் ஏழாவதில் இருக்கிறது.