அட்டையில் அதிர்ச்சி, உள்ளே ஏமாற்றம்!

தாராபுரம் பஸ் நிலையத்தில், திருப்பூர் பஸ்ஸுக்காக ஒரு வாலிபர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனித் தொழிலாளி. பொழுது போக ஒரு மர்ம நாவல் வாங்குகிறார். "இதயம் பலவீனமானவர்கள் படிக்க வேண்டாம்!" என்று முன்னட்டை எச்சரிக்கிறது. "கடைசிப் பக்கம் உங்களைத் தூக்கிவாரிப் போடும்!" என்று பின்னட்டை சத்தியம் செய்கிறது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பிரயாணம். பாதி தூரம் போவதற்குள்ளாகவே கொலையாளி யார் என்பது தெரிந்துவிடுகிறது. தூக்கிவாரிப் போட்டது பஸ்தான், கதை அல்ல!

இப்படி ஏமாந்தவர்கள் ஏராளம். வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம் போனதோடு, இனி எந்த அட்டையையும் நம்பக்கூடாது என்ற கசப்பும் மிஞ்சுகிறது. நஷ்டம் அந்த வாலிபருக்கு மட்டுமா? அடுத்து வரும் நல்ல நாவலுக்கும் அல்லவா?

துப்பறியும் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே. ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935-லும், 'திகம்பர சாமியார்' 1950-லும் சினிமாவாகவே வந்தன. பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷ் வந்தார். பக்கத்துக் கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவர்கள் நாவல்களுக்கும் விளம்பரம் உண்டு. ஆனால், விளம்பரம் ஒருவரை ஒரு முறைதான் கடைக்கு இழுக்கும். மறுமுறை இழுப்பது எழுத்து ஒன்றே.

விளம்பர மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டனில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. எட்கர் வாலஸ் என்ற பத்திரிகையாளர், 1905-ல் 'நீதிமான்கள் நால்வர்' என்ற நாவலைத் தாமே வெளியிட்டார். பூட்டிய அறைக்குள் ஒரு மந்திரி சாகிறார். எப்படிச் செத்தார் என்ற விடையை மட்டும் நூலில் சேர்க்கவில்லை. கண்டுபிடிப்பவர்களுக்கு 500 பவுன் பரிசு என்று ஊரெங்கும் விளம்பரம் செய்தார். புத்தகம் விற்றது. ஆனால், எத்தனை பேருக்குப் பரிசு என்ற வரம்பை விதிக்க மறந்துவிட்டார்! சரியான விடைகள் பல வந்தன. பரிசு கொடுக்கப் பணம் இல்லை. தாம் வேலை பார்த்த பத்திரிகையின் முதலாளியிடம் கடன் வாங்கித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். விளம்பரம் வென்றது; விளம்பரம் செய்தவர் தோற்றார்.

இன்றும் கதை மாறவில்லை. 2012-ல் அமெரிக்காவில் 'கான் கேர்ள்' என்ற நாவல் பெரும் வெற்றி பெற்றது. அதன் பிறகு, "அடுத்த கான் கேர்ள் இதுவே" என்ற முத்திரையுடன் எத்தனையோ நாவல்கள் வந்தன. எல்லா நாவலும் தலைசிறந்தது என்றால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏது?

இந்தக் கூச்சலால் இன்னொரு கெடுதலும் உண்டு. "எதிர்பாராத முடிவு" என்று சொல்லிவிட்டால், வாசகர் அதையே எதிர்பார்த்துப் படிக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே எல்லாரையும் சந்தேகிக்கிறார். நல்ல கதையின் சுவையும் இதனால் கெட்டுப்போகிறது.

துப்பறியும் கதைக்கென்று ஒரு தர்மம் இருக்கிறது. ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-ல் அதற்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்ட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வாசகரை மயக்கலாம், ஆனால் வஞ்சிக்கக் கூடாது என்பதே இதன் பொருள். கதாசிரியருக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு, அட்டை அச்சிடுகிறவருக்கு மட்டும் வேண்டாமா?

திருப்பூர் வட்டாரத்துக்கு இந்த நியாயத்தை எடுத்துச் சொல்லவே வேண்டியதில்லை. சாம்பிளில் ஒரு துணி, சரக்கில் வேறு துணி என்றால் பையர் ஏற்பாரா? ஜி.எஸ்.எம். குறைந்தால் சரக்கு திரும்பி வரும், ஆர்டரும் போகும். படித்து முடித்த நாவலை எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பது? அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு என்பதாலேயே, அதை விற்பவருக்குப் பொறுப்பு கூடுதல்.

தாராபுரம்தான் பழைய விராடபுரம் என்பது செவிவழிச் செய்தி. பாண்டவர்கள் மாறுவேடத்தில் ஒளிந்து வாழ்ந்த கதையை விடச் சிறந்த மர்மக் கதை உண்டா? சமையற்காரன் யார், நாட்டிய ஆசிரியை யார் என்பது கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். முடிவும் தெரியும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறார்கள். சரக்கு நல்லதாக இருந்தால், ரகசியம் உடைந்த பிறகும் கதை நிற்கும்.

பிரசுரகர்த்தர்கள் அட்டையில் கதையின் களத்தையும் தன்மையையும் உண்மையாகச் சொல்லட்டும். அதிர்ச்சி அடைவதா வேண்டாமா என்பதை வாசகரிடம் விட்டுவிடட்டும். வாசகர்களும் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் பணத்தை நீட்டாமல், முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்க்கட்டும். கிளை நூலகத்தில் கிடைத்தால், அங்கேயே எடுத்துப் படித்துப் பார்க்கட்டும்.

கதைக்குள் நடக்கும் மோசடியைப் படிக்கத்தான் வாசகர் காசு கொடுக்கிறார். அந்த மோசடி அட்டையிலேயே நடக்கக் கூடாது.