ஆக்சிஜன் செடி என்று நாமும் விற்கலாமா?

நம் ஆட்கள் நடத்தும் இயற்கைச் சந்தை ஒன்றுக்குப் போன மாதம் போயிருந்தேன். கைக்குத்தல் அரிசிக்கும் கருப்பட்டிக்கும் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னச் செடிச் சட்டிகள். மணி பிளான்ட், பாம்புச் செடி, அக்லோனிமா, பீஸ் லில்லி. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை: 'ஆக்சிஜன் செடி. இரவும் பகலும் சுத்தக் காற்று. வெயில் தேவையில்லை.' விலை 350 ரூபாய். நல்ல கூட்டம். நானும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வாரம் புதுக்கடையில் என் வீட்டுக்கு ஒரு நண்பர் வந்தார். என் வயலுக்குப் பக்கத்து ஏலாக்காரர். மகன் சவுதியில் இருக்கிறான், புது வீடு கட்டி ஒரு வருஷம் ஆகிறது. "சாரே, எனக்க செடி எல்லாம் ஒண்ணொண்ணா அழுகிப் போவுது. தண்ணி ஒரு நாளும் தப்பினதில்ல. பின்ன என்ன கேடு?" என்றார். போய்ப் பார்த்தேன். ஹாலிலும் படுக்கையறையிலுமாக 14 சட்டிகள். காலை 11 மணிக்குப் பத்திரிகை வாசிக்க லைட் போட வேண்டியிருக்கிறது. ஜன்னல்கள் எல்லாம் அடைத்து, திரையும் போட்டாச்சு. சட்டி மண் சொதசொதவென்று, மேலே வெள்ளைப் பூஞ்சணம். அவர் மனைவிக்கு வெகுநாளாக இழைப்பு உண்டு. "செடி வச்சா நல்ல காத்து கிடைக்கும், தூசி வராம ஜன்னலை அடைச்சுப் போடலாம்னு சொன்னாவ" என்றார் அந்த அம்மா.

என்னைக் குத்தியது இந்தக் கடைசி வார்த்தைதான். செடி செத்தால் 350 ரூபாய் நஷ்டம். செடியை நம்பி ஜன்னலை அடைத்தால் நஷ்டம் வேறு மாதிரி.

இந்த ஆக்சிஜன் கதை எங்கிருந்து வந்தது? 1989-ல் அமெரிக்காவின் நாசாவுக்காக வுல்வர்ட்டன் என்ற விஞ்ஞானி ஒரு ஆய்வு செய்தார். காற்றுப் போகாமல் அடைத்த சின்னக் கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சு வாயுக்களைச் செலுத்திப் பார்த்தார். வாயு குறைந்தது உண்மை. அது விண்வெளிக் கூண்டுக்கான யோசனை. நம் வீடு அடைத்த பெட்டி அல்ல. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட பழைய ஆய்வுகளை எல்லாம் கூட்டி வைத்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் காற்று உள்ளே வந்து வெளியே போவதால் நடக்கிற சுத்திகரிப்புக்குச் செடிகள் ஈடாக வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று வந்தது. 10 அடிக்கு 12 அடி அறை என்பது சுமார் 11 சதுர மீட்டர். குறைந்த கணக்குக்கே 110 சட்டி. கட்டில் போட இடம் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அந்த வேலை இலவசமாக நடக்கும்.

'பாம்புச் செடி ராத்திரியில் ஆக்சிஜன் விடும்' என்பதும் பாதிக் கதைதான். வறண்ட நிலத்துச் செடி அது. பகலில் இலைத்துளையைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்பதால் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் உண்டாவது பகலில், வெளிச்சம் பட்டால்தான். 'ராத்திரி செடி பக்கத்தில் படுத்தால் மூச்சு முட்டும்' என்பதும் வீண் பயம். ஒரு மனிதனுக்கு நாளைக்குச் சுமார் 500 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஒரு சட்டிச் செடி அதில் கூட்டுவதும் குறைப்பதும் கணக்கிலேயே வராது.

சரி, நண்பர் வீட்டுச் செடி ஏன் அழுகியது? தண்ணீர் குறைந்து அல்ல, பட்டினி கிடந்து. செடிக்குத் தண்ணீர் வெறும் தண்ணீர்தான், சாப்பாடு வெளிச்சம். 31 வருஷம் வங்கியில் இருந்தவன், எனக்கு அந்தக் கணக்கில்தான் சொல்ல வரும். வெளிச்சத்தில் இலை சமைப்பது வரவு. 24 மணி நேரமும் மூச்சு விடுவது செலவு. இருட்டு ஹாலில் செலவு உண்டு, வரவு இல்லை. நர்சரியில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எடுத்துத் தின்று இரண்டு மூன்று மாதம் பச்சையாக நிற்கும். 'வெயிலே இல்லாம நல்லா நிக்குது பாருங்க' என்று நாம் சொல்வது அந்தக் காலத்தில்தான். அது பிக்சட் டெபாசிட்டை உடைத்துச் சாப்பிடுகிறது என்பது நமக்குத் தெரியாது. பட்டினிச் செடி தண்ணீர் குடிக்காது. குடிக்காத தண்ணீர் சட்டியில் நின்று வேரை அழுக வைக்கும்.

நமக்கு இது புதுப் பாடமா? ரப்பர் வைத்து மூன்று நாலு வருஷம் வரை நடுவில் அன்னாசி போடுகிறோம், வாழை போடுகிறோம். மரத் தலைப்பு கூடிவிட்டால் நிறுத்திவிடுகிறோம். ஏன்? கீழே வெளிச்சம் இல்லை. முருக்கில் நல்லமிளகு ஏற்றியவர்கள் இடவப்பாதிக்கு முன்னால் கொம்பு வெட்டிவிடுவது எதற்கு? கொடிக்கு வெளிச்சம் கிடைக்கத்தான். விளையில் இவ்வளவு தெரிந்த நாம், ரப்பர்க் காட்டைவிட இருட்டான ஹாலில் செடியை வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

நம் கண்தான் ஏமாற்றுகிறது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். செல்போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். மரத்து நிழலில் சில ஆயிரம் இருக்கும். திறந்த ஜன்னலை ஒட்டி 1000, 2000. அங்கிருந்து 10 அடி உள்ளே போனால் 100, 200 கூடச் சிரமம். 'நிழல் செடி' என்று விற்பவை எல்லாம் காட்டு மரத்தடியில் வளர்ந்தவை. பீரோ மறைவில் வளர்ந்தவை அல்ல. போன் இல்லையென்றால் பகலில் லைட்டை அணைத்து, செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தெரிகிற நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகவேனும் விழுந்தால் பாம்புச் செடி, அக்லோனிமா, இசட்.இசட். செடி தாக்குப்பிடிக்கும். நிழலே விழவில்லை என்றால் அங்கே படம் மாட்டுங்கள், செடி வேண்டாம்.

வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து 'தெற்கு ஜன்னல்தான் நல்லது' என்று சொல்பவர்கள் உண்டு. அது சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போகிற ஊர்களுக்கு. நாம் இருப்பது 8 பாகை வடக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போகும். மீதி மாதம் தெற்கே. ஆண்டு முழுக்க மாறாமல் இளவெயில் தருவது கிழக்கு ஜன்னல். மேற்கு வெயில் இலையைச் சுட்டுவிடும், இரண்டு மூன்றடி தள்ளி வைக்க வேண்டும். மழைக்கால மூட்டத்தில் உள்ளே வெளிச்சம் இன்னும் குறையும். அப்போது தண்ணீரையும் குறைக்க வேண்டும். விரலை ஒரு அங்குலம் மண்ணில் விடுங்கள். ஈரம் தெரிந்தால் அன்று தண்ணீர் கிடையாது.

நான் வீட்டில் செய்வது மாற்றுமுறை. ஒரு சட்டி ஒரு வாரம் ஹாலில், மூன்று வாரம் வெளித்திண்ணை நிழலில். நாலு சட்டி இருந்தால் ஹாலில் எப்போதும் ஒன்று பசுமையாக நிற்கும். வெளியே எடுத்தவுடன் நேர் வெயிலில் வைத்தால் இலை கருகும், நிழலில்தான் வைக்க வேண்டும். இலையில் படியும் தூசியை வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் அதுவே பாதி வைத்தியம். சட்டிக்குத் தோட்ட மண்ணோடு மட்கிய கதம்பைச் சோறும் மண்புழு உரமும் போதும். இருட்டில் நிற்கிற செடிக்கு உரம் போடுவது காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி ஊட்டுவது போல.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், குளிர் நாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் எல்.இ.டி. விளக்கைப் பற்றிக் கேட்கிறார்கள். ஊதா நிறத்தில் விலை கூடிய விளக்கு வேண்டாம். சாதாரண வெள்ளை எல்.இ.டி. போதும். ஆனால் இலைக்கு ஓரடி மேலே இருக்க வேண்டும். ஓரடியில் பல்பு தருகிற வெளிச்சம் இரண்டடியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். 20 வாட் விளக்கு நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 14, 15 யூனிட் கூடும். வாசலில் வெயில் காய்கிற நம் ஊரில் இது தேவையா என்று அவரவர் யோசிக்கட்டும்.

அட்டையில் எழுதாத இரண்டு விஷயங்களும் உண்டு. மணி பிளான்ட், அக்லோனிமா, டிஃபன்பாக்கியா எல்லாம் நம் சேம்பு, சேனை குடும்பம். வேகாத சேம்பு வாயில் பட்டால் எப்படி அரிக்கும்? தவழ்கிற குழந்தை இந்த இலையைக் கடித்தாலும் அப்படித்தான், டிஃபன்பாக்கியா இன்னும் மோசம். இன்னொன்று தண்ணீர். மணி பிளான்ட் பாட்டிலிலும் சட்டித் தட்டிலும் நிற்கிற தண்ணீரில் டெங்குக் கொசு ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும். வாரம் இருமுறை கொட்டிக் கழுவ வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் போதும். வயலிலிருந்து விரட்டிய மருந்தைப் படுக்கையறைக்குள் அடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செடி வளர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. வீட்டுக்குள் ஒரு பச்சை இலை இருப்பது கண்ணுக்கும் மனசுக்கும் நல்லது. அந்த ஒரு காரணமே போதும். உர மூட்டையில் பொய் எழுதியிருக்கிறது என்று 20 வருஷமாகச் சண்டை போடுகிறவர்கள் நாம். நம் சந்தையில் நம் கையால் எழுதிய அட்டையில் அதே வேலை நடந்தால் நாளைக்கு நம் அரிசியை யார் நம்புவார்கள்?

நண்பர் வீட்டில் 14 சட்டியில் 5 தப்பியது. அவை இப்போது திண்ணையில் நிற்கின்றன, முறை வைத்து உள்ளே வருகின்றன. ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, கொசுவலை அடித்தாச்சு. இழைப்புக்கு டாக்டர் சொன்ன மருந்தை அந்த அம்மா விடாமல் எடுக்கிறார். அடுத்த சந்தைக்கு முன்னால் அந்தச் செடிக் கடைக்காரரிடம் பேசலாம் என்றிருக்கிறேன். நல்ல பையன்தான், நர்சரிக்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருப்பான். புது அட்டைக்கு வாசகம் நானே எழுதி வைத்திருக்கிறேன்: 'அழகுச் செடி. ஜன்னல் பக்கத்தில் வைக்கவும். மண் காய்ந்த பிறகு தண்ணீர். குழந்தைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளவும். நல்ல காற்றுக்கு ஜன்னலைத் திறக்கவும்.'