எண் பெரியது, வாளி சிறியது

வரைகலை அட்டை என்றதும், இது கணினி விளையாட்டுப் பிள்ளைகளின் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் நண்பர்களே. தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மொழிக்கும் இதில் பங்கு உண்டு.

கடந்த விடுமுறையில் புந்தோங்கில் இருக்கும் என் சித்தப்பா, மகனுக்குக் கணினி வாங்க என்னையும் ஈப்போ நகருக்கு அழைத்துப் போனார். தம்பி கணினி அறிவியல் டிப்ளோமாவில் சேர்ந்திருக்கிறான். சித்தப்பா லாரி ஓட்டுகிறார். கடையில் இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று என்விடியாவின் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060, மற்றொன்று ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டுமே பயன்படுத்தியவை, விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்து, "நம்பர் பெருசா இருக்கறதுதானேப்பா நல்லது?" என்றார்.

நியாயமான கேள்விதான். நம்மில் பலர் அப்படித்தான் வாங்குகிறோம். நான் 3060ஐத்தான் வாங்கச் சொன்னேன். ஏன் என்று இங்கே விளக்குகிறேன்.

முதலில் 4060க்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். 3060 பிப்ரவரி 2021இல் 329 அமெரிக்க டாலருக்கும், 4060 ஜூன் 2023இல் 299 டாலருக்கும் அறிமுகமாயின. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையில் விளையாடினால், 4060 ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு கூடுதல் வேகம் காட்டும். மின்சாரமும் குறைவு: பழையது 170 வாட், புதியது 115 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால், மாதத்திற்கு 6.6 யூனிட் மிச்சம். அது சில வெள்ளிதான் என்றாலும், அறைக்குள் சூடு குறைவதை ஈப்போ வெயிலில் வாழ்பவர் அலட்சியப்படுத்த முடியாது. இரண்டு படங்களுக்கு இடையே மூன்றாவது ஒன்றைத் தானே வரைந்து செருகும் வசதியும் 4060இல் உண்டு. விளம்பரங்களில் வானளாவ உயரும் எண்களில் பாதி அந்தச் செருகல் படங்களால் வருபவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆகவே, விளையாட்டு மட்டுமே நோக்கம் என்றால் 4060தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால், அட்டையின் மேல் உள்ள நினைவகத்தைப் பாருங்கள். பழைய 3060இல் 12 கிகாபைட். புதிய 4060இல் 8 மட்டுமே! நினைவகத்திற்குச் செல்லும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. நொடிக்கு 360 கிகாபைட் கடந்த இடத்தில் இப்போது 272. இக்குறையை ஈடுகட்ட, சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பை 24 மெகாபைட்டாகப் பெருக்கியிருக்கிறார்கள். அது விளையாட்டுக்கு உதவும். ஆனால் பெரிய தரவு மொத்தமாக உள்ளே உட்கார வேண்டிய வேலைகளுக்கு அது போதாது.

இதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க எனக்குப் பாட்டிதான் உதவினார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் வாளி சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கும் இடத்திற்கு நடக்க வேண்டும், மறுபடியும் நிரைக்குத் திரும்ப வேண்டும். நடையிலேயே காலைப்பொழுது போய்விடும். வரைகலை அட்டையின் நினைவகம் நிறைந்துவிட்டால் நடப்பதும் இதுவே. மிஞ்சிய தரவு கணினியின் பொது நினைவகத்திற்குப் போய்ப் போய் வரும், வேகம் படுத்துவிடும். சில வேளைகளில் வேலையே நின்றுவிடும்.

சரி, தமிழுக்கு வருவோம். ஒரு மொழி மாதிரியை, அதாவது கேள்விக்கு விடையெழுதும் செயற்கை நுண்ணறிவு நிரலை, இணையம் இல்லாமல் சொந்தக் கணினியிலேயே இன்று ஓட்டலாம். 700 கோடி அளவுருக்கள் உள்ள மாதிரியை, அளவுரு ஒன்றுக்கு ஒரு பைட் என்று வைத்தால், 7 கிகாபைட் இடம் வேண்டும். 8 கிகாபைட் அட்டையில் அதை ஏற்றினால் மீதி ஒன்றுதான். அந்த ஒன்றில் திரையும் இயங்க வேண்டும், நாம் கொடுக்கும் உரையும் அடங்க வேண்டும். 12இல் ஏற்றினால் ஐந்து மிஞ்சும்.

அந்த மீதி இடம் மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட்! தமிழை அதிகம் படிக்காத மாதிரிகள் நம் சொற்களைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் கொடுப்பதைவிடத் தமிழில் கொடுத்தால் துண்டுகள் கூடும். துண்டுகள் கூடினால் நினைவகமும் கூடுதலாகத் தேவைப்படும். தமிழில் ஆய்வு செய்ய நினைக்கும் மாணவனுக்கு 8 கிகாபைட் என்பது, ஆங்கிலத்தில் செய்பவனுக்கு இருப்பதைவிடச் சிறிய 8 கிகாபைட்.

இணையத்தில் இலவசமாகவே 16 கிகாபைட் அட்டை கிடைக்கிறதே என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிட்டார். உண்மைதான், கூகுள் கோலேப் அதைத் தருகிறது. ஆனால் நேரக் கட்டுப்பாடு உண்டு. பாதி வேலையில் துண்டிக்கப்பட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நள்ளிரவில் தவறு செய்து, திருத்தி, மறுபடியும் தவறு செய்து பழகுவதற்குச் சொந்த இயந்திரம் வேண்டும். 1985இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, பேச்சையும் பொருளையும் கணினிக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. அதைத் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நம்மைப் போன்றவர்கள் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

நிறுவனங்களைக் குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1070இலேயே 8 கிகாபைட் இருந்தது. மே 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060இலும் அதே 8தான். ஒன்பது ஆண்டுகள்! கூடுதல் நினைவகம் வேண்டுமானால் கூடுதல் பணம் கொடு என்பதே இதன் பொருள். பணம் உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல.

தம்பி 3060ஐ வாங்கிக்கொண்டான். விளையாட்டில் நண்பனிடம் தோற்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவதாகக் கேள்வி. வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2022இன் இறுதியில் 3060 என்ற அதே பெயரிலேயே 8 கிகாபைட், 128 பிட் அட்டை ஒன்றும் வெளிவந்தது. பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாமல், கடைக்காரரிடம் கணினியில் பொருத்தி இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் 12 கிகாபைட், 192 பிட் என்று தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.