அவித்த நெல்லில் நொய் கூடுவது ஏன்?

கேள்வி: ‘‘வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே அவித்து, மில்லில் அரைத்து, அரிசியாக விற்கிறோம். போன முறை முழு அரிசி நன்றாகக் கண்டது. இந்த முறை அதே நெல், அதே மில். ஆனால், நொய் அதிகமாக விழுந்துவிட்டது. சில அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளியும் தெரிகிறது. தவறு எங்கே நடந்திருக்கும்?’’

- வாசகி ஒருவர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளி, ஊறலோ ஆவியோ போதவில்லை என்பதற்கு அடையாளம். நொய் கூடியதற்கு அதோடு காய வைத்த விதமும் காரணமாக இருக்கலாம். மில்லைக் குறை சொல்லும் முன், அவிக்கும்போது அரிசிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை இரண்டையுமே தவிர்த்துவிடலாம்.

கட்டும் கலைப்பும்

அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. குளுக்கோஸ் என்ற சிறு சர்க்கரைத் துணுக்குகள் மணிமாலை போலக் கோத்து உருவான நீண்ட சங்கிலிதான் மாவுச்சத்து. இப்படிச் சிறு துணுக்குகள் தொடர்ந்து கோத்து உருவாகும் நெடுஞ்சங்கிலிகளை ‘பாலிமர்’ என்பார்கள். பருத்தி இழை, ரப்பர், சொட்டுநீர்க் குழாய் செய்யும் பாலித்தீன் ஆகியவையும் பாலிமர்களே. இவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. சங்கிலிகள் சில இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக அடுக்கிக்கொள்ளும். அந்த இடங்களைப் ‘படிகம்’ என்பார்கள். மற்ற இடங்களில் அவை தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். உப்பும் கற்கண்டும் போல முழுக்கப் படிகமாவதில்லை. சங்கிலி நீளமாக இருப்பதால், ஒரு முனை வரிசைக்கு வந்தாலும் மறுமுனை எங்கோ சிக்கிக்கொண்டிருக்கும்.

கதிர்க்கட்டையும் உதறிப்போட்ட வைக்கோலையும் நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கட்டில் தாள்கள் நெருக்கமாக, ஒரே திசையில் இருக்கும். உதறிய வைக்கோலில் இடைவெளி அதிகம்; தண்ணீர் சுலபமாக உள்ளே போகும். அரிசியில் இரண்டும் கலந்து இருக்கின்றன.

மாவுச்சத்திலும் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று அமைலோஸ், பெரும்பாலும் கிளையில்லாத நேர்ச்சங்கிலி. கரும்பைப் போல, அருகருகே அடுக்க எளிது. மற்றொன்று அமைலோபெக்டின்; கிளைகள் நிறைந்த பெரிய சங்கிலி. முள் விறகைப் போல, ஒருமுறை கலைந்துவிட்டால் திரும்ப அடுக்குவது சிரமம், நாள் பிடிக்கும். பால் பிடிக்கும் பருவத்தில் நெற்பயிர் இந்த முள் விறகின் சிறு கிளைகளையே அடுக்கடுக்காக ஒழுங்குபடுத்தி மாவுமணிகளை உருவாக்குகிறது. அந்த மணிகளுக்கு இடையே நுண்ணிய காற்று இடைவெளிகள் இருந்தால், அந்த இடம் வெள்ளையாகத் தெரியும்.

அவிக்கும்போது நடப்பது

ஈரமும் சூடும் சேரும்போது இந்த அடுக்கு கலைகிறது. நெல் ரகத்தைப் பொறுத்து சுமார் 55 முதல் 79 டிகிரி செல்சியஸுக்குள் இது நடக்கும். சூடு மட்டும் போதாது. உள்ளே போதிய ஈரமும் வேண்டும். அதனால்தான் ஆவி காட்டும் முன் நெல்லின் ஈரப்பதம் 30 சதவிகிதம் அளவுக்கு வரும்படி ஊற வைக்கிறார்கள். அடுக்கு கலைந்ததும் மாவுமணிகள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, காற்று இடைவெளிகளை அடைத்துவிடும். அறுவடையிலும் களத்திலும் ஏற்பட்ட கீறல்கள்கூட இப்படி ஒட்டிக்கொள்ளும்.

பிறகு நெல் ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் மீண்டும் அடுக்கத் தொடங்குகின்றன. அரிசியில் உள்ள கொழுப்போடும் சேர்ந்து இறுகுகின்றன. புழுங்கல் அரிசி கண்ணாடி போலத் தெரிவதும், பச்சரிசியைவிட மில்லின் அடியைத் தாங்குவதும் இதனால்தான். நடுவரை ஈரமோ சூடோ போய்ச் சேராத அரிசியில், பழைய மாவுமணிகள் அப்படியே வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். மில்லில் அந்த இடம்தான் முதலில் உடையும். ஆவி காட்டியதில் கிடைத்த பலன் அந்த அரிசிக்கு முழுதாகக் கிடைக்கவில்லை என்று பொருள்.

களத்தில் கவனிக்க வேண்டியவை

ஊறல்: பச்சைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் ஊற வைப்பது பழைய முறை. இதில் நெல் புளித்து, அரிசியில் வாடை வரும். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் சுடுநீர் முறையில், நெல்லும் நீரும் கலந்த பிறகு சூடு 70 டிகிரி அளவில் இருக்கும்படி வைத்து, மூன்று முதல் மூன்றரை மணி நேரம் ஊற வைக்கிறார்கள். சூடு இதைத் தாண்டினால் ஊறும்போதே நெல் வெந்து, உமி வெடித்துவிடும்.

ஆவி: பரவலாக உமி வாய் பிளக்கத் தொடங்கும்போது நிறுத்துவது வழக்கம். அதற்கு மேல் விட்டால் அரிசியின் நிறம் கறுக்கும். பெரிய பாத்திரத்தில் அடியில் உள்ள நெல் வெந்தும், மேலே உள்ளது வேகாமலும் இருப்பதுண்டு. வெள்ளைப் புள்ளி சில அரிசியில் மட்டும் தெரிவது இதனாலும் இருக்கலாம். ஆவி எல்லாப் பக்கமும் சீராக ஏறும் அளவுக்கு, ஒரு முறைக்குப் போடும் நெல்லைக் குறைத்துக்கொள்வது நல்லது.

காய்ச்சல்: நொய்யைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் பெரும்பங்கு. ஈரப்பதம் 16 சதவிகிதம் வரை இறங்கும்வரை நல்ல வெயிலில் காய வைத்தாலும் பெரிய பாதகமில்லை. அதற்குக் கீழே போகும்போது, வெளிப்பக்கம் காய்ந்து சுருங்க, உட்பக்கம் ஈரத்தோடு இருக்கும். இந்த இழுபறியில் அரிசிக்குள் மயிரிழை போலக் கீறல் விழும். இந்தக் கீறல் களத்தில் இருக்கும்போதே தெரியாது. காய்ந்து சில மணி நேரம் கழித்துத்தான் உருவாகும். அதனால், குற்றம் மில்லின் மேல் விழுந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு, இரண்டு தவணையாகக் காய வைப்பது. ஈரப்பதம் 16 சதவிகிதத்துக்கு வந்ததும் நெல்லைக் குவித்து, சாக்கால் மூடி, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் வெளிப்பக்கத்துக்குப் பரவி, நெல் சமநிலைக்கு வரும். மறுநாள் இளவெயிலிலோ நிழலிலோ 14 சதவிகிதம் வரை காய வைத்து, பிறகு அரைக்கலாம். கடும் வெயிலில் ஒரே நாளில் முழுதாகக் காய வைத்திருந்தால், இந்த முறை நொய் கூடியதற்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மில்லுக்கு மூட்டை ஏற்றும் முன் ஒரு சோதனை. குவியலின் பல இடங்களிலிருந்து 50 நெல்லை எடுத்து, கையால் உமி நீக்கி, ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊறலிலோ ஆவியிலோ குறை. குறுக்கே கோடு தெரிந்தால் காய்ச்சலில் குறை. மூட்டை மூட்டையாக நொய் விழுவதைவிட, 50 நெல்லோடு விஷயம் முடிந்துவிடும்.

கேள்வி: ‘‘சந்தகைக்குப் புழுங்கல் அரிசிதான் சரியாக வருகிறது. பச்சரிசியில் செய்தால் குழைகிறது. மீந்த சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் மட்டும் ஏன் விறைத்துப்போகிறது?’’

- வாசகர் ஒருவர், ஈரோடு மாவட்டம்.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். புழுங்கல் அரிசியில் அமைலோஸ் ஏற்கெனவே ஒருமுறை கலைந்து, அடுக்கி, இறுகியிருக்கிறது. அந்தப் படிகங்கள் கொதிநீரின் சூட்டுக்கு முழுதாகக் கலையாது. சந்தகையின் இழை அறுந்து குழையாமல் நிற்பதற்கு அது உதவுகிறது. ரகமும் முக்கியம். அமைலோஸ் 25 சதவிகிதத்துக்கு மேல் உள்ள அரிசியில் சோறு உதிரியாக இருக்கும், ஆறினால் விறைக்கும். அசாமின் போரா அரிசி போன்ற பசை ரகங்களில் அமைலோஸ் மிகக் குறைவு. அதனால், சோறு ஒட்டும். ஆறிய பிறகும் நெடுநேரம் மென்மையாக இருக்கும். நேரடியாக அரிசி விற்பவர்கள், தங்கள் ரகம் இவற்றில் எது என்று தெரிந்துவைத்திருந்தால், சந்தகைக்கு ஏற்றதா, சோற்றுக்கு ஏற்றதா என்று வாங்குபவர்களிடம் சரியாகச் சொல்ல முடியும்.

சோறு ஆறிய சில மணி நேரத்தில் அமைலோஸ் அடுக்கிவிடும். அமைலோபெக்டின் நாள்கணக்கில் மெதுவாக அடுக்கும். அது வேகமாக நடப்பது 4 டிகிரியை ஒட்டிய குளிரில். அதாவது ஃபிரிட்ஜின் சூட்டில். மீண்டும் ஆவியில் காட்டினால் அமைலோபெக்டினின் அடுக்கு கலைந்து, சோறு ஓரளவு இளகிவிடும். அமைலோஸின் அடுக்கு அப்படியே இருக்கும். அதனால்தான் சுட வைத்த சோறு, புதிதாக வடித்த சோறு போல இருப்பதில்லை. ஆனால், விறைக்கிறதே என்று மீந்த சோற்றை வெளியிலேயே வெதுவெதுப்பாக வைத்திருப்பது ஆபத்து. வேகவைத்தாலும் சாகாத சில கிருமி வித்துகள் அந்தச் சூட்டில் பெருகும். சீக்கிரம் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைப்பதோ, அன்றே தண்ணீர் ஊற்றி வைப்பதோ நல்லது.

கேள்வி: ‘‘சோற்றை ஆற வைத்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே, உண்மையா?’’

- வாசகி ஒருவர், மதுரை மாவட்டம்.

பதில்: பாதி உண்மை. இறுக அடுக்கிய மாவுச்சத்தை உடைக்க, குடலில் உள்ள செரிமான நொதிகள் சிரமப்படும். அதனால், ஆற வைத்த சோற்றில் ஒரு சிறு பங்கு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. ஆனால், அது சிறு பங்குதான். மீதிச் சோறு வழக்கம்போலச் சர்க்கரையாகத்தான் மாறும். ‘ஆறியதுதானே’ என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால், கிடைத்த பலன் அதிலேயே போய்விடும். சோற்றின் அளவைக் குறைப்பது, காயும் பருப்பும் சேர்ப்பது, மருந்தை விடாமல் எடுத்துக்கொள்வது ஆகிய மூன்றையும் ஆறிய சோறு ஈடுசெய்யாது. புழுங்கல் அரிசி விற்பவர்களும், ‘சர்க்கரையைக் குணமாக்கும்’ என்று சொல்லி விற்கக் கூடாது. அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. அதனால், தீட்டிய பச்சரிசியைவிட இதில் அந்தச் சத்து அதிகம். இந்த உண்மையைச் சொல்லியே தாராளமாக விற்கலாம்.