நிழலைத் துரத்தாதீர்கள்

பங்குனிப் பெருவிழா முடிந்த கையோடு எங்கள் இதழ் அலுவலகத்தில் மயிலாப்பூர்ப் படங்கள் வந்து குவியும். எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலாவுக்குக் கேமராவோடு மாட வீதியில் நிற்காத போட்டோகிராபர் சென்னையில் குறைவு. வருகிற படங்களில் பலவற்றை நாங்கள் ஒதுக்கக் காரணம் கம்போசிஷன் அல்ல, நெற்றி.

பல்லக்குத் தூக்கும் ஒருவரின் நெற்றியைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்த தோல், அதன்மேல் வெண்ணீறு. மூன்று விரல் இழுத்த தடம் பட்டைக்குப் பட்டை தனியாகத் தெரியும். ஓரத்தில் நீறு காய்ந்து உதிர்ந்திருக்கும். புருவத்துக்கு மேல் வியர்வை அதைக் கரைத்து ஒரு கோடாக இறங்கியிருக்கும். ஒழுங்காக எக்ஸ்போஸ் செய்த படத்தில் இத்தனையும் உண்டு. பர்ன் ஆன படத்தில் மூன்று வெள்ளை டேப் ஒட்டிய மாதிரி இருக்கும். அதில் எந்த ஸ்லைடரை இழுத்தாலும் விரல் தடம் திரும்ப வராது. வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான்.

இது கேமராவின் குற்றமா என்றால் இல்லை. நேர்வெயிலுக்கும் கட்டட நிழலுக்கும் சுமார் 3 ஸ்டாப் வித்தியாசம். வெண்ணீற்றுக்கும் கறுத்த தோலுக்கும் ஏறக்குறைய இன்னொரு 3. பிற்பகலில் கிழக்கு மாட வீதியிலிருந்து கோயிலின் 120 அடி கோபுரத்தையும் சேர்த்து எடுத்தால் சூரியன் அதன் பின்னால் போய்விடும். சுதை பொம்மைகள் நிழலில், வானம் வெள்ளையாக. அப்போதும், இன்றைய நல்ல சென்சார் அடிப்படை ஐஎஸ்ஓவில் 12 முதல் 14 ஸ்டாப் வரை தாங்கும். இடம் போதும். நாம்தான் அதை வீணாக்குகிறோம்.

ஒரு காரணம் பழைய பழக்கம். நெகட்டிவ் ஃபிலிமில் நிழலுக்கு எக்ஸ்போஸ் செய்தால் போதும், ஓவர் ஆனதை லேபில் இழுத்துக்கொள்ளலாம். ஆன்செல் ஆடம்ஸின் ஸோன் சிஸ்டம் நிற்பதே இந்த அடிப்படையில்தான். டிஜிட்டல் இதற்கு நேர் எதிர், ஸ்லைடு ஃபிலிம் ஜாதி. பிக்சல் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் பதிவு இல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நீறு, வெள்ளை வேட்டி, ஜரிகை. ஹைலைட் அலர்ட்டை ஆன் செய்துவையுங்கள். நிக்கான் 2014இல் டி810 கேமராவில் கொண்டுவந்த ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் இப்படிப்பட்ட வீதிக்காகவே செய்ததுபோல் இருக்கும். வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை.

இதற்காக மூன்று ஸ்டாப் அண்டராக எடுத்துவிட்டு, வீட்டில் போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்பதும் தப்பு. 14 பிட் ரா ஃபைலில் மொத்தம் 16,384 படிகள். சென்சார் வெளிச்சத்தை நேர்கோட்டில் பதிவதால் உச்சியில் உள்ள ஒரு ஸ்டாப்பே 8,192 படிகளை எடுத்துக்கொள்ளும்; அடுத்ததற்கு 4,096. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து எட்டாவது ஸ்டாப்புக்கு மிஞ்சுவது 64. அங்கே விழுந்த ஒளியும் குறைவு என்பதால் கூடவே நாய்ஸும் இருக்கும். ஷேடோவை ஏற்றினால் அதுவும் சேர்ந்து ஏறும். வெள்ளை தப்பும் அளவுக்கு, ஆனால் முடிந்தவரை பிரகாசமாக எடுப்பதே சரி.

வீதியிலிருந்து கல்யாண மண்டபத்துக்கு, தி.நகரில் வாங்கிய பட்டுச் சேலைக்கு வருவோம். கல்யாண எடிட்டர்கள் அதிகம் கோட்டை விடுவது அரக்குச் சிவப்பில். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு சானல் மற்ற இரண்டுக்கும் முன்பே முட்டிவிடும். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். பல சமயம் ரா ஃபைலில் சேதமே இருக்காது. ஆல்பம் லேபுக்காக எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக மாற்றும்போதுதான் சிவப்பு வெட்டுப்படும். கொசுவத்தின் மடிப்பும் புட்டாவும் காணாமல் போய்ச் சேலை ஒரே சிவப்புத் திட்டாக நிற்கும். 16 பிட்டில் வைத்து, சாஃப்ட் புரூஃப் போட்டுப் பார்த்து, சிவப்பின் சாச்சுரேஷனையும் லூமினன்ஸையும் கொஞ்சம் இறக்கி, அதற்குப் பிறகு மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை. பட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த குடும்பம் அந்த ஒரு நிமிடத்துக்குக் கணக்குக் கேட்காது, ஆனால் புட்டாவைத் தேடும்.

இனி பிரீசெட். ஹைலைட்ஸ் மைனஸ் 100, ஷேடோஸ் பிளஸ் 100: இந்த ஜோடிதான் ஊர் முழுக்க ஓடுகிறது. பளபளத் தாளே 7 ஸ்டாப் காட்டினால் பெரிது. அதற்குள் எல்லாவற்றையும் திணித்தால் நடுவில் உள்ள முகம்தான் நசுங்கும். கோபுர விளிம்பில் வெள்ளை வளையம் விழும். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தடியில் விழுதுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் இல்லாமல் எல்லாம் சாம்பல் பச்சையாகிவிடும். டீடெயில் இருக்கும், படம் இருக்காது.

எடிட்டர்கள் சொல்லும் பதில் எங்களுக்குத் தெரியும். “பொண்ணு ஏன் தம்பி இவ்ளோ கறுப்பா தெரியுறா?” என்று ஆல்பம் பார்க்கும் அம்மா கேட்கிறார், ஷேடோவை ஏற்றிக் கொடுக்கிறோம். நியாயமான நெருக்கடிதான். ஆனால் ஷேடோவை ஏற்றினால் கறுத்த முகம் அழகாகாது. கன்னத்தின் வளைவு போய்த் தட்டையாகும். முகத்தில் மட்டும் மாஸ்க் போட்டு அரை ஸ்டாப் எக்ஸ்போஷர் கொடுத்து, நிழலைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

நிழலை விட்டுவைக்க நமக்கு வெளியூர் வாத்தியார் தேவையில்லை. அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்த பி.சி.ஸ்ரீராம் ‘நாயகன்’ (1987) படத்தில் கமலின் முகத்தில் பாதியை இருட்டில் வைத்துத்தான் தேசிய விருது வாங்கினார். யாரும் திரையரங்கில் எழுந்து நின்று ஷேடோவை ஏற்றச் சொல்லவில்லை.

அடுத்த இதழுக்குப் படம் அனுப்புகிறவர்கள் இனி ஜேபெக்குடன் ரா ஃபைலையும் சேர்த்து அனுப்பவும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தேர்வு செய்வோம். ஷேடோ பிளஸ் 100 படங்கள், யார் எடுத்ததானாலும், திரும்பி வரும்.