ஒரு மரத்திற்கு ஒரு மாளிகை

கோடை விடுமுறையில் உதகைக்குச் செல்வோருள் சிலர், கூடலூரைக் கடந்து நாடுகாணி மலைவழியே கேரள நாட்டிற்குள் இறங்குவர். வளைந்து வளைந்து செல்லும் அச்சாலையில், நிலம்பூரை அடைவதற்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் முன்பாக, சாலையோரத்தில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் 1995-ஆம் ஆண்டில் அமைத்தது அது. மன்னர் வாளும் மணிமுடியும் ஆங்கு இல்லை. தேக்கு என்னும் ஒரே மரத்தைப் பற்றியதே அம்மாளிகை முழுவதும்!

இதனைக் கேட்போர் நகைத்தல் இயல்பே. "வழிநெடுகத் தேக்குமரம் நிற்கின்றதே, அதனைக் காணக் கட்டணமும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டுமோ?" என்று வினவி, ஊர்தியை நிறுத்தாமலே போய்விடுவர். அவர்கட்கு விடை வாயிலிலேயே இருக்கின்றது. ஐம்பத்தைந்து ஆண்டு வளர்ந்த தேக்கு ஒன்றன் வேர்த்தொகுதி, மண் நீக்கப்பெற்று ஆங்கு நிறுத்தப்பட்டுள்ளது. வழியிற் கண்ட ஆயிரம் மரங்களுள் ஒன்றேனும் தன் வேரைக் காட்டியதுண்டோ? கண்டது பாதி மரமே என்பது அப்பொழுதுதான் விளங்கும்.

உள்ளே பறம்பிக்குளத்துக் கன்னிமாராத் தேக்கின் உருவமும், மலையாளக் கரையின் 'உரு' என்னும் மரக்கலத்தின் சிற்றுருவமும், பூச்சி வகைகளும் உள்ளன. பெரிய நகரங்களின் காட்சிச்சாலைகளில் கண்கள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பொருள்களைத் தாவிச் செல்லும். வெளியே வந்தபின் எதுவும் நினைவில் நில்லாது. ஒரு பொருளையே வேராகவும், கலமாகவும், புழுவுக்கு உணவாகவும் பல நிலையிற் காண்பவன் அதனை மறத்தல் அரிது. சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையார்க்கும் ஈங்கு விருந்துண்டு. தமிழிலும் மலையாளத்திலும் 'தேக்கு' என வழங்கும் சொல்லே, போர்ச்சுகீசியர் நாவில் 'தேக்க' ஆகி, ஆங்கிலர் நாவில் 'டீக்' ஆயிற்று. மரம் கப்பலேறிய போது அதன் பெயரும் உடன் ஏறியது போலும்!

இவையெல்லாவற்றினும் சிந்தித்தற்குரியது, அண்மையில் சாலியாற்றங்கரையில் நிற்கும் பழைய தேக்குத் தோப்பின் வரலாறாகும். கப்பல் கட்டுதற்கு வெட்டி வெட்டிக் காடுகளில் தேக்குக் குறைந்துவரவே, மலபார்க் கலெக்டர் கானலி என்பார் அதனைப் பயிராக்க முற்பட்டார். தேக்கின் கனியோடு மிகக் கடியது; விதைகள் எளிதில் முளைத்தில. பலகால் முயன்று கன்றுகளை வளர்த்தெடுத்தவர் சாத்து மேனோன் என்னும் வன அலுவலர். 1846-இல் நடப்பெற்ற அத்தோப்பு, தேக்குத் தோட்டங்களுள் உலகிலேயே மிகப் பழையதாகக் கூறப்படுகின்றது. தேக்கு முதிர்ந்து பயன்தர ஐம்பது அறுபது ஆண்டுகள் வேண்டும். கானலியோ 1855-இல் கொலையுண்டார். அப்பொழுது கன்றுகளுக்கு அகவை ஒன்பதே.

அவர்களைத் தெய்வமாக்க வேண்டுவதில்லை. நட்டது கப்பலுக்காக, பலவகை மரங்கள் செழித்த இடங்களில் ஒரே மரத்தை வரிசைவரிசையாக நட்டதனால் காடு இழந்தவையும் பல. அத்தோப்பின் ஒரு பகுதியும் இரண்டாம் உலகப்போரின்போது வெட்டப்பட்டது. எஞ்சியது ஆறு ஏக்கருக்கும் குறைவே. அதற்கும் கலெக்டர் பெயரே நிலைத்தது. விதையோடு போராடிய சாத்து மேனோனை அறிந்தவர் சிலரே. இம்முறைகேட்டை உணர்வதற்கேனும் வழிப்போக்கர் ஈங்கு ஒருவேளை தங்குதல் நன்று.

பெரியோர் கடிகாரத்தைப் பார்த்து விரைவர், சிறுவர் விரையார். உதிர்ந்து கிடக்கும் தேக்கந்தளிர் ஒன்றை எடுத்துக் கசக்கினால் உள்ளங்கை செக்கச் செவேலெனச் சிவக்கும். ஊர்தி புறப்படும் ஒலி கேட்ட பின்னும், சிவந்த கைகளை ஒருவர்க்கொருவர் காட்டியவண்ணம் அவர்கள் மரத்தடியிலேயே நின்றுகொண்டிருப்பர்.