சி மொழியின் புதிய அம்சங்களை ஏற்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

1989ஆம் ஆண்டின் தரநிலையை ஆதாரமாகக் கொண்டு எழுதத் தொடங்கப்பெற்று, பலருடைய கைபட்டு வளர்ந்து, இன்று பெரிய சர்வர்களிலும் சிறிய கருவிகளிலும் ஒருங்கே இயங்கிவரும் எங்கள் திறந்த மூல நூலகத்தில், சி மொழி பிற்காலத்தில் பெற்ற அம்சங்களுக்கு இடமளிக்கலாமா என்ற கேள்விக்குப் பராமரிப்பாளர் குழு தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்கிறது. இனி சி11 தரநிலையே எங்கள் அடிப்படை. ஆயினும், அதில் உள்ளவை யாவும் அந்த ஒரு காரணத்தாலேயே அனுமதி பெற்றுவிட்டதாக எவரும் கருதலாகாது.

லினக்ஸ் கெர்னல் 2022இல், தன் 5.18ஆம் பதிப்பில், சி89ஐ விட்டு சி11க்கு மாறியது புதுமை மோகத்தால் அன்று. பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் மேக்ரோக்களுக்கு உரிய மாறியை லூப்புக்கு வெளியே அறிவிக்க வேண்டியிருந்தமையால், அது லூப் முடிந்த பிறகும் உயிரோடிருந்து, உறுப்பே அல்லாத ஓர் இடத்தைச் சுட்டிக்கொண்டு நின்றது; அதனை ஒருவர் அஜாக்கிரதையாக உபயோகித்தாலும் கம்பைலர் வாய் திறவாது. மாறியை லூப்புக்குள்ளேயே அறிவிக்க வழிசெய்துவிட்டால் இத்தகைய பிழைக்கு இடமே இராது. ஓர் அம்சம் எழுதுகிறவருக்கு எவ்வளவு சௌகரியம் தருகிறது என்பதைக் காட்டிலும், எந்த வகைப் பிழையை அது அசாத்தியமாக்குகிறது என்பதையே நாங்கள் முதலில் கேட்போம்.

அந்தக் கேள்விக்கு விடை தராத அம்சத்துக்குப் பிரத்தியட்ச உதாரணம், ஓடும்போது அளவு நிர்ணயிக்கப்படும் அரே. ஸ்டாக்கில் எவ்வளவு இடம் செலவாகும் என்பதை முன்கூட்டி அறிய விடாத இதனை, சி99 கட்டாயமாக்கியிருக்க, சி11 விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கெர்னலோ 2018இல் அடியோடு களைந்தது. சி99ஐ ஏற்றுக்கொண்ட போஸ்ட்கிரெஸும் இதனை விலக்கியே வைத்திருக்கிறது. (இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புரையையும் அவர்கள் விலக்குகிறார்கள், அது ரசனையைச் சேர்ந்த விஷயமாகையால் நாங்கள் அதில் அவர்களைப் பின்பற்றவில்லை.)

கிட் திட்டத்தார் 2017இல், உறுப்பின் பெயரைச் சொல்லித் தொடக்க மதிப்பு இடும் முறையை ஓரிடத்தில் மட்டும் புகுத்தி, எவருடைய கம்பைலரேனும் மறுக்கிறதா என்று காத்திருந்தார்கள். 'பரிசோதனை பலூன்' என்று அவர்கள் அழைத்த அந்த முறையை நாங்களும் மேற்கொள்கிறோம். ஆனால் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதில் எங்களுக்குச் சற்றே தயக்கம் உண்டு. பழைய கம்பைலரோடு காலந்தள்ளுகிறவர்கள் புதிய வெளியீட்டையும் தாமதமாகவே எடுத்துக்கொள்வார்களாகையால், பாதிக்கப்படுகிறவரே கடைசியில் பேசுகிறவராக இருப்பார். ஆகவே பலூன் இரண்டு பிரதான வெளியீடுகளைக் கடந்த பின்னரே அம்சம் பொது உபயோகத்துக்கு வரும்.

சி23ஐ இப்போது கட்டாயமாக்க மாட்டோம். அதன்கீழ் கம்பைல் ஆகாத நிரலை ஏற்கவும் மாட்டோம். 2025இல் வெளிவந்த ஜிசிசி 15 அத்தரநிலையின் விரிவையே இயல்பாகக் கொள்வதால், 'பூல்' என்ற பெயரில் சொந்த வகையை வைத்திருக்கும் பழைய கோப்புகளும், வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்துவிட்டுப் பின்னர் மதிப்புகளை அனுப்பும் ஃபங்ஷன்களும் அங்கே பிழையாகிவிடுகின்றன. இவை திருத்தப்படும். மற்றபடி, செவ்வனே ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் புதுக்கோலத்துக்கு மாற்றுவதையே நோக்கமாகக் கொண்ட பேட்சுகள், எத்துணை நேர்த்தியாயினும், நிராகரிக்கப்படும். ஒரு வரியை யார், எக்காரணத்தால் எழுதினார் என்ற சரித்திரத்தை அவை மறைத்துவிடுகின்றன. சி11ஐ அறியாத கம்பைலர்களை நம்பியிருப்பவர்களுக்காகத் தற்போதைய பதிப்புக் கிளை தனியே நிறுத்தப்பட்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் மூன்று ஆண்டுகளுக்குப் பெறும்.